சத்தம் இல்லாமல் படித்த அலாரம்

தீ அலாரம் பொருத்திப் பராமரிப்பதற்கென்று தனியாக ஒரு சான்றிதழ் இருக்கிறது என்பது எனக்கு இருபத்திரண்டாவது வயதில்தான் தெரிய வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் கூச்சம் இல்லை, இன்றும் இல்லை. அப்பா மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் இருந்த விடுதியில் அறைகளைக் கூட்டித் துடைத்தாள். இருவருக்கும் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தவள் நான்தான்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடையில் எனக்கு வேலை. யூ.பி.எஸ்., கேமரா, தீ அலாரம் எல்லாம் விற்று, லாட்ஜுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போய்ப் பொருத்தித் தருவார்கள். நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து பில் போடுவேன், போனை எடுப்பேன், எந்த லாட்ஜில் என்ன பழுது என்று நோட்டில் எழுதி வைப்பேன். கடையில் வேலை பார்த்த இரண்டு அண்ணன்கள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஏணியோடு கிளம்புவார்கள். திரும்பி வந்து அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லும்போது, அதை இன்னும் சுலபமாகச் செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். தோன்றியதைச் சில சமயம் சொல்லியும் விடுவேன். அதனால் அவர்கள் எனக்குக் கலெக்டர் அம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் முதலாளி ஒரு கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மூன்றாவது முறையும் படித்தார். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் சென்னைக் கம்பெனி எழுதியிருந்தது. அடுத்த ஒப்பந்தத்திலிருந்து, சான்றிதழ் பெற்ற ஓர் ஆளாவது உள்ள கடைக்குத்தான் பராமரிப்பு வேலை தருவார்களாம். தேர்வு எழுத ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ வேண்டும். அந்தத் தகுதி கடையில் என் ஒருத்திக்குத்தான் இருந்தது.

"எழுதறியாம்மா?"

"எழுதறேன் சார். ஆனா பாஸ் பண்ணிட்டா ஏணி வேலைக்கு என்னத்தான் அனுப்பணும். பாஸும் பண்ணிட்டு இங்கயே குந்திக்கினு பில்லு போட மாட்டேன்."

அவர் சிரித்தார். "மொதல்ல பாஸ் பண்ணு. கான்ட்ராக்ட் புதுப்பிக்கறதுக்குள்ள ரெண்டு தடவதான் பரிட்ச வெக்கறாங்க. ரெண்டும் போச்சுனா, வேலூர்ல சர்டிபிகேட்டோட ஒருத்தரு வரேன்னு சொல்லிக்கினு இருக்காரு, அவரப் போட்டுடுவேன். நீ கவுன்ட்டர்லயே இரு. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அவருக்கு வருத்தமில்லை. நான் அன்றைக்கே சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டுத் தேர்வுக்கான புத்தகத்தை அனுப்பச் சொன்னேன்.

"நீ ஏறு தங்கச்சி. நாங்க ஏணியப் புடிச்சிக்கிறோம்" என்றார் அண்ணன்களில் ஒருவர்.

"கெட்டியாப் புடிங்கண்ணா" என்றேன்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். டிப்ளமோவில் ஆங்கிலத்தோடு மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டியிருந்ததால் பயம் மட்டும் இல்லை. கவுன்ட்டரில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு பக்கம் படிப்பேன். அதையே நோட்டில் தமிழில், எனக்கே நான் பாடம் நடத்துவது போல எழுதுவேன். சுவரில் ஒரு பெட்டி, அது பேனல். கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் டிடெக்டர்கள். வழியில் கண்ணாடியை உடைத்து அழுத்தும் சிவப்புப் பெட்டி. கடைசியில் ஊரையே எழுப்புகிற ஹூட்டர். பேனலில் மூன்று விளக்குகள்: பச்சை எரிந்தால் மின்சாரம் இருக்கிறது, சிவப்பு எரிந்தால் எங்கேயோ தீ, மஞ்சள் எரிந்தால் வயரிலோ கருவியிலோ கோளாறு. இப்படி எழுதி எழுதி இரண்டு நோட்டு நிறைந்தது. மூன்றாவது வாரத்தில் புத்தகத்தில் இருந்த ஒரு படத்திலேயே தப்புக் கண்டுபிடித்தேன். அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "புக்கு போட்டவனுக்கே தப்பா? அப்ப நீ ஜாஸ்தி படிச்சிட்ட" என்றார்.

எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. அதற்குக் கை பழக வேண்டும். கடையில் இருந்தவையோ விற்பனைச் சரக்கு. பிரித்துப் பார்க்க முடியாது. அப்போதுதான் அம்மா சொன்னாள்: "எங்க விடுதியில அந்த வட்ட வட்டமா இருக்குமே, அது ரூமுக்கு ரூமு கீது. வந்து பாக்கறதுனா பாரு."

அந்த விடுதியில் எங்கள் கடைதான் அலாரம் பொருத்தியிருந்தது. மூன்று மாடி, பன்னிரண்டு அறை. வெளிநாட்டுக் குழுக்கள் அறை எடுக்கும் முன் அலாரம் இருக்கிறதா என்று கேட்டு எழுதியதால் வைத்தது. நடத்தியவர் சென்னையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு அம்மாள். எல்லோரும் மேடம் என்போம். மேடம் பேசுவதே பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். படிக்கட்டுக்குப் படிக்கட்டு 'மௌனம்' என்று எழுதிய பலகை தொங்கும். அறைகளில் நாள் முழுவதும் யாராவது கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அம்மா வாளியைத் தரையில் வைக்கும்போதுகூடக் கீழே துணி போட்டுத்தான் வைப்பாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பழகிக்கோ" என்றார் மேடம். "ஆனா ஒரு தடவகூட அது கத்தக் கூடாது."

"கத்தாது மேடம்."

எனவே ஒவ்வொரு ஞாயிறும் நான் செய்த முதல் வேலை, பேனலைத் திறந்து ஹூட்டரின் இரண்டு வயர்களையும் கழற்றி ஓரமாக மடித்து வைப்பது. உடனே மஞ்சள் விளக்கு எரியும். கிளம்பும்போது மாட்டிவிடலாம், அதுவரை எரியட்டும் என்று விட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பேன். ஒரு டிடெக்டரைக் கழற்றுவேன், மாட்டுவேன். ஒரு வயரை விடுவித்துவிட்டு, எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாதவள் போல மீட்டரை வைத்துத் தேடுவேன். சோதிப்பதற்குப் புகை வேண்டும். அதற்கென்று டப்பாவில் அடைத்த புகை விற்கிறது என்று புத்தகத்தில் இருந்தது; எங்கள் ஊரில் அது எந்தக் கடையில் கிடைக்கும்? அம்மா தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்டூல் மேல் ஏறி டிடெக்டருக்குக் கீழே தூபக்காலைக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டோம். அறையே மறைந்துவிட்டது. அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

"இருடி" என்று அம்மா ஸ்டூலில் ஏறினாள். டிடெக்டரின் மேல் குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை ஒன்று மாட்டியிருந்தது. கண்ணாடி மாதிரி இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அம்மா அதை உருவி மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

"இது எதுக்கும்மா?"

"வெள்ளிக்கெழம ரூமு ரூமா சாம்பிராணி காட்டுவோம் இல்ல? அது கத்திடும்னு நாங்கதான் குல்லா போட்டு வுடுவோம். காட்டி முடிச்சதும் எடுத்துடுவோம்."

"இத எடுக்கலியே."

"ஒண்ணு மறந்துட்டன். அதுக்கின்னா இப்ப."

அன்று பன்னிரண்டு அறையிலும் ஏறிப் பார்த்தோம். நான்கு குல்லாய்கள் கிடைத்தன. எது எதற்கு இருக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, அடுத்த வெள்ளியிலிருந்து குல்லாய்களை எண்ணிப் போட்டு எண்ணி எடுப்பதாக ஒப்புக்கொண்டாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் சுகமாகப் போயின. நான் மேலே, அம்மா கீழே தூபக்காலோடு. பேனலில் சிவப்பு விளக்கு எரியும். அம்மா வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள். மேடம் வாசல் வழியாக எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார். இரண்டு மாதத்தில், கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் பேனலைப் பிரித்துச் சேர்ப்பேன் என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்தேன். சொல்லிக்கொள்ளவும் செய்தேன், கடையில்.

தேர்வு வேலூரில். எழுத்துத் தேர்வு காலையில் முடிந்தது, மதியமே மதிப்பெண் ஒட்டிவிட்டார்கள். நான்தான் முதல். எழுதியவர்களில் வேறு பெண் யாரும் இல்லை. பட்டியலைப் பார்த்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பசியே எடுக்கவில்லை.

செய்முறைக்கு ஆளுக்கொரு பலகை கொடுத்தார்கள். பேனல், இரண்டு டிடெக்டர், ஒரு சிவப்புப் பெட்டி, ஒரு ஹூட்டர், ஒரு கட்டு வயர். எல்லாவற்றையும் இணைத்து இயக்கிக் காட்ட வேண்டும். பக்கத்துப் பலகைக்காரர் இன்னும் வயரை அளந்துகொண்டிருக்க, நான் முடித்துவிட்டேன். தேர்வாளர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருந்தார். புகை டப்பாவை எடுத்து டிடெக்டரில் அடித்தார். முதன்முதலாக டப்பாப் புகையைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார்."

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் சார்."

அவர் குனிந்து பேனலைப் பார்த்தார். பிறகு, "சரி, ரூம்ல தூங்கறவங்கள யாரு எழுப்புவாங்க? நீ போயி ஒவ்வொரு கதவாத் தட்டுவியா?" என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் விரலை நீட்டிக் காட்டினார். ஹூட்டரைப் பலகையில் அழகாகத் திருகியிருந்தேன். வயரையும் பேனல் வரை நேராக இழுத்திருந்தேன். அதன் இரண்டு முனைகளையும் பேனலில் சேர்க்காமல், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை செய்தது போலவே, ஓரமாக மடித்து வைத்திருந்தேன். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரிவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் அது என் கண்ணில் படவே இல்லை. சத்தம் வரவில்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை. அலாரம் என்றால் சத்தம் வரும் என்று நான் படித்திருந்தேனே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை.

பக்கத்துப் பலகைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் ஹூட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எழுத்துல மொதல் மார்க்கு" என்றார் தேர்வாளர் தாளைப் பார்த்து. "அடுத்த மாசம் செய்முறைக்கு மட்டும் வா."

பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன். அழவில்லை. மலை தெரிய ஆரம்பித்தபோது, வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். வீட்டுக்குள் போனதும் மூன்றும் மறந்துவிட்டது. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடி இது. நெருப்பு மணி மாட்டப் போயி மணிய வுட்டுட்டு வந்துட்டியா?"

அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இன்னொரு தபா கீது இல்ல?"

"இருக்கு. ஒண்ணே ஒண்ணு."

முதலாளி ஒன்றும் திட்டவில்லை. வேலூர்க்காரரின் போன் நம்பரைப் பழுது நோட்டின் அட்டையில் எழுதி வைக்கச் சொன்னார். என் கையாலேயே எழுதினேன்.

குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. புத்தகத்தில் இல்லை, கையில் இருந்தது. ஹூட்டரைச் சேர்த்து, அது கத்தக் கத்தப் பழகினால்தான் இந்தக் கை மாறும். அடுத்த ஞாயிறு மேடத்திடம் போய் நின்றேன்.

"அஞ்சு நிமிஷம் சத்தம் வேணும் மேடம்."

"இங்க எப்படிம்மா? மூணாவது மாடில ஒரு குழுவே மௌனத்துல இருக்காங்க. பத்து நாளா பேசல."

அம்மா துடைப்பத்தோடு பின்னால் நின்றிருந்தாள். "மேடம், பௌர்ணமி அன்னிக்கு ஒரு ஆளும் இருக்க மாட்டாங்களே. சாயங்காலமானா அல்லாரும் மல சுத்தப் போயிடறாங்க. நீங்களுந்தான் போறீங்க."

மேடம் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "பொண்ணு ஒரு வருசமா கவுன்ட்டர்லயே குந்திக்கினு கீது" என்று சேர்த்துக்கொண்டாள். நான் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாள்.

"அஞ்சு நிமிஷம்தான்" என்றார் மேடம்.

பௌர்ணமியன்று ஐந்து மணிக்கு விடுதி காலியானது. மௌனக் குழுவும் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடு கிளம்பியது. செங்கம் சாலை முழுக்கத் தலைகள். மேடமும் புறப்பட்டுத் தண்ணீர் பாட்டிலோடு வாசல் வரை போனவர், என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார். அம்மா மூன்றாவது மாடியில் படுக்கை விரிப்பு மாற்றப் போனாள். சத்தம் கேட்டவுடன் இறங்கி வந்துவிடு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஹூட்டர் வயர்களை, எத்தனையோ ஞாயிறுக்குப் பிறகு, முதன்முறையாகக் கழற்றாமல் விட்டேன். மஞ்சள் விளக்கு எரியவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த டிடெக்டருக்குத் தூபக்காலைத் தூக்கிக் காட்டினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. பல்லெல்லாம் கூசியது. சமையற்கட்டில் எதுவோ கீழே விழுந்தது. மேடம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நான் தூபக்காலைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றேன். கேட்டை யாரோ தள்ளினார்கள். கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நீட்டி, "அன்னதானங்களா?" என்று கத்திக் கேட்டார். பின்னால் நாலைந்து பேர் தட்டோடு நின்றார்கள்.

"இல்லீங்க, டெஸ்டு" என்று நானும் கத்தினேன்.

"சாம்பார் சாதமா?"

மேடம் போய் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அம்மா வரவில்லை. ஐந்து நிமிடம் முடியப் போகிறது, அம்மா வரவில்லை. நானும் மேடமும் படியேறி ஓடினோம். மூன்றாவது மாடிக்குப் போகப் போகச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அம்மா தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பதான் அடிப்ப? நானும் காத்துக்கினே கீறேன்" என்றாள்.

மூன்றாவது மாடியிலும் ஒரு ஹூட்டர் இருந்தது. அது ஊமையாக இருந்தது. கீழே அலாரத்தை நிறுத்திவிட்டு வந்து, நாற்காலி போட்டு ஏறிப் பிரித்தேன். உள்ளே ஒரு வயர் திருகில் நிற்காமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. பேனலுக்கு அதுவே போதும், மஞ்சள் விளக்கை எரிய விடாது; ஹூட்டர் கத்துவதற்கு அது போதாது. பொருத்திய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒருநாளும் அடித்துப் பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை. பொருத்தியது எங்கள் கடை என்பதால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது. கண்டுபிடித்தது நான் என்பதால் உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன். திருகை இறுக்கி மறுபடியும் அடித்தோம். இந்த முறை அம்மா கையில் இருந்த தலையணையை விட்டெறிந்தாள்.

மேடம் அந்த மாடியின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். அங்கேதான் அந்தக் குழு தூங்கும். வழக்கமான மெல்லிய குரலில், "இனிமே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வந்து அடிச்சிடு" என்றார். "நான் இருந்து கேட்டுட்டு அப்புறமா மல சுத்தப் போறேன்."

அன்றிலிருந்து தேர்வு நாள் வரை பழகுவதற்கு வேறு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் ஒரு மரப்பலகையில் பேட்டரியில் கத்தும் பழைய சைக்கிள் ஹாரனை மாட்டி, வயர் இணைத்து, எதை முடித்தாலும் அது கத்திய பிறகே எழுந்திருப்பது என்று வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அத்தை இரண்டு முறை வந்து சண்டை போட்டார். மூன்றாம் முறை வந்து, தன் வீட்டுக் காலிங் பெல் ஏன் அடிக்கவில்லை என்று பார்க்கச் சொன்னார். பார்த்துக் கொடுத்தேன்.

இரண்டாவது தேர்வில் அதே தேர்வாளர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். இந்த முறை பலகையோடு, அறையின் அந்தக் கோடியில் இரண்டாவது ஹூட்டர் ஒன்றும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எல்லோரும் என்னைவிட வேகமாக முடித்தார்கள். எனக்கு அவசரமில்லை. ஒவ்வொரு திருகையும் இறுக்கிவிட்டு வயரை இழுத்துப் பார்த்தேன். அவர் வந்து புகை அடித்தார். சத்தம் அறையைத் தூக்கியது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். தேர்வாளர் போதும் என்று கையைக் காட்டினார். நான் பேனலை நிறுத்தவில்லை. அந்தக் கோடிக்கு நடந்தேன்.

"போதும்மா, நிறுத்து" என்று அவர் கத்தியது அரைகுறையாகக் கேட்டது.

"இருங்க சார், இன்னொண்ண கிட்டப் போயி கேக்கணும்."

இரண்டாவது ஹூட்டருக்குக் கீழே நின்றேன். அதுவும் கத்திக்கொண்டிருந்தது. கை வைத்துப் பார்த்தேன், அதிர்ந்தது. திரும்பி வந்து நிறுத்தினேன். காது இரண்டும் ரீங்காரமிட்டன. அவர் தாளில் ஏதோ எழுதி, எழுதியதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார். சாயங்காலம் பட்டியலில் என் எண் இருந்தது; சான்றிதழையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை முதலாளி அந்தச் சான்றிதழை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு ஏணிக்காரர்களைக் கூப்பிட்டு, வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை இருப்பதாகவும், பொறுப்பு நான் என்றும் சொன்னார். ஒரு அண்ணன், "கலெக்டர் அம்மாவ ஆபீஸுக்கே இட்டுக்கினு போறோம்" என்றார். ஆட்டோ வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"நீ போயிட்டா கவுன்ட்டர யாரு பாக்கறது?" என்று முதலாளி திடீரென்று கேட்டார். அதை அவர் அதுவரை யோசிக்கவே இல்லை போலிருந்தது.

ஓர் அட்டையை எடுத்து, 'கவுன்ட்டர் வேலைக்கு ஆள் தேவை' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கடைக் கண்ணாடியில், பேருந்து நிலையத்திலிருந்து வருபவர்களுக்குத் தெரியும் உயரத்தில் ஒட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.